கோழிக்கு முன்னர் கோழித்தீன்: தாயகத்தின் வேளாண் பக்கவிளைபொருட்களும் கால்நடை உணவும்

(தாயக வாழ்வாதார உதவிகள் தொடர்பான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் புலம்பெயர் தமிழர் தாயகத்துக்கு அனுப்பிவரும் வாழ்வாதார உதவிகளுள் கோழிக்கும் ஆட்டுக்கும் கறவை மாட்டுக்கும் ஒரு தனியிடம் உண்டு. ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலயங்கள், தனிக்குடும்பங்கள் என எல்லாத் தரப்பினரும் இதனைச் செய்து வருகின்றனர். வன்னியில் போரினால் பட்டியும் தொழுவமும் வெறுமையாகிப் போன குடும்பங்களுக்கு, குறிப்பாகக் கணவனை இழந்த பெண்கள் தலைமையேற்கும் குடும்பங்களுக்கு, கோழி வளர்ப்பு ஏற்ற தொழிலாகவே தென்படுகிறது. பெருநிலம் வேண்டியதில்லை, வீட்டு வளவே போதும். கையளிக்கும் நிகழ்வைப் படம் எடுத்து அனுப்புவதற்கும் கோழிக்கூடு வசதியானது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளுக்கு அடுத்த நாள் காலையிலிருந்து என்ன நடக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். முட்டையிடும் கலப்பினக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் உண்ணும். பத்துக் கோழிகளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்; மாதத்துக்கு 33 கிலோ; ஆண்டுக்கு 400 கிலோ. பத்துக் கோழிகளை அன்பளிப்பாகப் பெற்ற குடும்பம் உண்மையில் பெற்றுக்கொண்டது, ஆண்டுக்கு 400 கிலோ தீனைக் கடையில் வாங்க வேண்டிய கடப்பாட்டையே. முட்டை உற்பத்திச் செலவில் அறுபது முதல் எழுபது விழுக்காடு வரை தீனுக்கே செல்கிறது என்பது உலகெங்கும் பொருந்தும் கணக்கு. தீன் வாங்கப் பணமில்லாத நாளில் முட்டை குறைகிறது. முட்டை குறைந்தால் அடுத்த மூட்டை வாங்கப் பணமில்லை. மூன்றாவது மாதத்தில் கோழிகள் ஒவ்வொன்றாகக் கறிக்கு விற்கப்படுகின்றன. அதற்குப் பின்னர் உதவி அனுப்பியவர் "எங்கட சனத்துக்கு முயற்சி இல்லை" என்கிறார். முயற்சிக்கு இங்கே என்ன வேலை? இது கூட்டல் கழித்தல் கணக்கு.

அண்மைய ஆண்டுகள் இக்கணக்கை மேலும் கடுமையாக்கின. இலங்கையில் கோழித்தீனின் பெரும்பங்கு சோளம். 2018ஆம் ஆண்டின் இறுதியில் படைப்புழுத் தாக்கம் சோளச் செய்கையைச் சிதைத்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக்கான காலம் கடந்துகொண்டிருந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றிப்போக, இறக்குமதிச் சோளமும் சோயாப் புண்ணாக்கும் எட்டாக்கனியாயின. கோழித்தீன் விலை பன்மடங்கு உயர்ந்தது, பண்ணைகள் மூடப்பட்டன, 2023 மார்ச்சில் நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. பெரும் பண்ணைகளையே புரட்டிப்போட்ட இந்த அலையில், பத்துக் கோழி வைத்திருந்த ஒரு தாயின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் அதே கிராமங்களில், நெல் ஆலையின் முற்றத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் பனைமரத்தின் அடியிலும் கடற்கரை மணலிலும் உணவாகக்கூடிய பொருட்கள் கிடந்து மக்குகின்றன, எரிகின்றன, நாறுகின்றன. அவற்றை அப்படியே அள்ளிப்போட்டால் தீனாகிவிடும் என்று எண்ணுவது தவறு. பக்குவப்படுத்தாத பக்கவிளைபொருள் பல வேளைகளில் பயனற்றது. சில வேளைகளில் நஞ்சு. பக்குவம் என்பதே இங்கு முழு விடயமும். உதவிப் பணம் செல்ல வேண்டிய இடமும் அதுவே.

முதலில் தவிட்டை எடுத்துக்கொள்வோர் பலர். ஆதலால் தவிட்டிலிருந்தே தொடங்கலாம். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. எட்டு முதல் பத்து விழுக்காடு வரை தவிடு. நல்ல தவிட்டில் 12 முதல் 14 விழுக்காடு புரதமும், அதற்குக் குறையாத கொழுப்பும் உண்டு. இவ்வளவு சத்துள்ள பொருள் ஏன் மலிவாகக் கிடக்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, சிறு கிராம ஆலைகளில் உள்ள பழைய உருக்கு உருளை இயந்திரங்கள் உமியையும் தவிட்டையும் ஒன்றாகவே வெளித்தள்ளுகின்றன. உமியில் சிலிக்காவும் செரிக்காத நாரும் தவிர வேறொன்றுமில்லை. அக்கலவையை உண்ணும் கோழியின் வயிறு நிறையும், உடல் நிறையாது. இறப்பர் உருளை கொண்டு முதலில் உமியை நீக்கி, பின்னர் அரிசியைத் தீட்டும் ஆலையின் தவிடே தவிடு என்னும் பெயருக்குரியது. வாங்குமுன் ஒரு கைப்பிடியை நீரில் போட்டுப் பார்த்தால் உமி மிதந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றக் காரணம் சிக்கல்விடுதல். அரிசி தீட்டப்பட்ட கணமே தவிட்டில் உள்ள லிப்பேஸ் என்னும் நொதியம் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குகிறது. சில நாட்களில் தவிடு கசந்து, கோழி முகர்ந்துவிட்டு விலகிப்போகும் பொருளாகிறது. இதற்கு மருந்து வெப்பம். தாச்சியில் இட்டுக் கைவிடாது கிளறி, நீராவி அடங்கும்வரை வறுத்தெடுத்த தவிடு வாரக்கணக்கில் இருக்கும். இங்கே யாழ்ப்பாணத்து உணவுப் பழக்கம் தானாகவே ஓர் உதவியைச் செய்துவிடுகிறது. நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கலரிசி வழக்கத்தில், அவிக்கும்போதே அந்த நொதியம் செயலிழந்து விடுகிறது. ஆகவே புழுங்கல் தவிடு பச்சைத் தவிட்டைவிடத் தாக்குப்பிடிக்கும். அதில் கொழுப்பும் கூடுதல். பச்சையரிசித் தவிட்டையும் புழுங்கல் தவிட்டையும் ஒரே சாக்கில் கலந்து விற்பவரிடம் வாங்குவது வீண். எனினும் தவிடு முழுத்தீனாகாது. அதன் பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் கட்டில் அகப்பட்டிருப்பதால் கோழியால் அதனைப் பெற முடியாது. கோழித்தீனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவிடு செல்லாதிருப்பது நல்லது.

கோழியைவிட மாட்டுக்கே இப்பொருட்கள் பெரிதும் உரியவை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். கோழிக்கு ஓர் எளிய வயிறு. மாட்டுக்கோ நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஒரு பெரும் புளிக்கும் தொட்டி. மனிதன் உண்ண முடியாததை உண்டு பாலாக்கும் ஆற்றல் அத்தொட்டிக்கே உண்டு. ஆகவே வைக்கோலுக்கு வருவோம்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் பெரும்போக அறுவடை தை, மாசி மாதங்களில் முடிகிறது. முன்னைய நாட்களில் சூடு மிதித்து, வைக்கோற் போர் குவித்து, அது ஆண்டு முழுவதும் மாட்டுக்கு நின்றது. இன்று அறுவடை இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுச் செல்கிறது. பொறுக்கிச் சேர்க்க ஆளில்லை. அடுத்த போகத்துக்கு நிலத்தைத் துப்புரவாக்க நெருப்பு வைக்கப்படுகிறது. ஆடி, ஆவணியில் குளங்கள் வற்றி, புல் கருகி, விலா எலும்பு தெரியும் மாடுகள் அதே வயல்களில் எதையோ தேடி அலைகின்றன. ஒரு சிறிய நாட்டு மாடு நாளுக்கு ஐந்து கிலோ வைக்கோல் உண்பதாகக் கொண்டால், நான்கு வரண்ட மாதங்களுக்கு 600 கிலோ போதும். நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமான எடையில் வைக்கோல் கிடைக்கும். ஓர் ஏக்கரில் எரிக்கப்படுவது ஒரு மாட்டின் கோடைகால உணவை விடவும் கூடியது.

ஆயினும் வெறும் வைக்கோல் மாட்டை உயிரோடு வைத்திருக்குமேயன்றிப் பால் தராது. அதில் புரதம் மூன்று, நான்கு விழுக்காடே. நாரை லிக்னினும் சிலிக்காவும் பூட்டி வைத்திருக்கின்றன. அப்பூட்டைத் திறக்கும் முறை ஒன்று 1980களில் இலங்கையிலேயே, நெதர்லாந்தின் துணையோடு நடந்த வைக்கோல் பயன்பாட்டுத் திட்டத்தில் விரிவாகச் சோதிக்கப்பட்டது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிப் பூவாளியால் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாதவாறு பொலித்தீன் விரிப்பால் மூடிவிட வேண்டும். யூரியா அமோனியாவாக மாறி நாரின் கட்டுகளை நெகிழ்த்துகிறது. வெப்ப நாட்டில் ஒன்பது, பத்து நாட்கள் போதும். மேலும் சில நாட்கள் இருந்தாலும் கேடில்லை. திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அன்றன்று தேவையானதை எடுத்துக் காற்றாட விட்டு, முதலில் சிறிதளவாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். புரத அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மாடும் கூடுதலாக உண்கிறது.

எச்சரிக்கை ஒன்று உண்டு, அதனைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டினாலும் தகும். யூரியா அசைபோடும் வளர்ந்த கால்நடைக்கு மட்டுமே. கன்றுக்குட்டிக்கு ஆகாது. கோழிக்கும் பன்றிக்கும் ஆகவே ஆகாது. கரைத்த நீரை மாடு நேரே குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கவும் கூடும். வாளியைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கச் செல்வோர் இதனை மறக்கலாகாது.

யூரியாவுக்கு ஈழத்தமிழர் வாழ்வில் ஒரு வரலாறு உண்டு. 1990களில் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியிருந்தது. தெற்கில் உழவர்களுக்குச் செய்துகாட்டப்பட்ட இம்முறை வடக்கின் உழவருக்குக் கைக்கெட்டாது போனது. தடை நீங்கிப் பல ஆண்டுகள் கழித்து, 2021இல் உரத்தடை மீண்டும் அதே பொருளைப் பறித்தது. எனவே யூரியாவையே நம்பியிருக்கும் திட்டம் எதுவும் தாயகத்தில் பாதித் திட்டமே. மாற்று வேலியிலேயே நிற்கிறது. கிளிசரியா என்று ஊரில் வழங்கும் சீமைக்கிளுவையின் குழையில் இருபது விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு. அதன் மணத்துக்கு மாடு முதலில் முகம் சுளிக்கும். வெட்டி ஓர் இரவு வாடவிட்டால் உண்ணப் பழகிவிடும். வைக்கோலோடு இக்குழையும் ஒரு கிலோ நல்ல தவிடும் சேர்ந்தால் அது ஏழையின் சமச்சீர் தீவனம்.

வேறொன்றையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வைக்கோல் முறை சோதனையில் வென்றும் உழவரிடையே பரவவில்லை. வேலை அதிகம், பொலித்தீனுக்குச் செலவு, அதற்கெல்லாம் பின்னர் நாட்டு மாடு தருவது ஒன்றிரண்டு லீற்றர் பால். ஈரவலயத்தில் பச்சைப்புல் சும்மா கிடைத்தது என்பது இன்னொரு காரணம். வரண்ட வலயத்தில், கலப்பினப் பசு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகும். ஊர்ப்பட்டி மாட்டுக்குக் கட்டுப்படியாகாது. இந்த வேறுபாட்டைப் பாராது எல்லோருக்கும் பொலித்தீன் சுருள் வழங்கினால் அது கூரைக்கே போய்ச்சேரும். அதிலும் தவறில்லை, ஆனால் அதனைக் கால்நடைத் திட்டம் என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

வரண்ட காலத்து மாட்டுணவு என்றதும் யாழ்ப்பாணத்தார் நினைவுக்கு வருவது பனை. பச்சோலை கிழித்து மாட்டுக்குப் போடுவது பழைய வழக்கம். ஆவணி, புரட்டாதியில், புல் முற்றாகக் கருகும் அதே வேளையில் பனம்பழம் விழுகிறது. மாடு சூப்பிய பனங்கொட்டை என்ற பேச்சுவழக்கு பிறந்ததே இதனால்தான். பனாட்டுப் போடும் வீடுகள் குறைந்துவிட்டதால் பழங்களுள் பெரும்பகுதி இன்று அடியிலேயே அழுகுகிறது. பனங்களியில் மாச்சத்தும் சீனியும் உண்டு. ஆனால் அதன் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் பொருள் குடலில் சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது என்று இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே எலும்பும் தோலுமான கோழிக்குப் பனங்களியை ஊட்டிக் கொழுக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மாட்டுக்கோ, வைக்கோலுக்குச் சுவையூட்டும் துணையாக அது நன்று.

புண்ணாக்கு வகைகளில் எள்ளுப் புண்ணாக்கே சிறந்தது. நாற்பது விழுக்காட்டை எட்டும் புரதம். மெதியோனின் மிகுதி, லைசின் குறைவு. தேங்காய்ப் புண்ணாக்கில் இருபது விழுக்காட்டளவு. அதிலும் லைசின் குறைவே. இக்குறையை மீன்தூள் ஈடுசெய்யும் என்பதால்தான் கடற்கரையும் இக்கதைக்குள் வருகிறது. வேப்பம் புண்ணாக்கு பயிருக்கு, இலுப்பைப் புண்ணாக்கு தலைக்கு. இரண்டும் தொட்டிக்குரியவை அல்ல. பெயரில் புண்ணாக்கு இருப்பதால் மட்டும் அவை தீவனமாகிவிடா.

புண்ணாக்கின் பெரும் பகை பூஞ்சணம். இங்கிலாந்தில் வாழ்வோர் இதனை அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் உலகம் அப்பாடத்தைக் கற்றது அங்கேதான். 1960ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாது அங்கு மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சணம் சுரந்த அபிளாரொக்சின் என்னும் நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. மாரிமழையில் ஈரம் ஊறிய தேங்காய்ப் புண்ணாக்கிலும், சரிவரக் காயாத சோளத்திலும் அதே பூஞ்சணம் வளரும். அவித்தாலும் வறுத்தாலும் அந்நஞ்சு எளிதில் அழிவதில்லை. மாட்டுக்குக் கொடுத்தால் அதன் ஒரு பகுதி பாலில் இறங்கி, அப்பாலைக் குடிக்கும் குழந்தையைச் சேர்கிறது. "மனிசருக்கு ஆகாததை மாட்டுக்குப் போடு" என்னும் சிக்கனம் இவ்விடத்தில் பெருந்தவறு.

மீன் கழிவைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். தலை, குடல், விலைபோகாத சிறுமீன் ஆகியவற்றை அவித்து, பிழிந்து, உலர்த்தி இடித்தால் கோழிக்கு உயர்ந்த புரதம். கருவாட்டு வாடியின் கழிவைச் சேர்க்கக் கூடாது. அதன் உப்பு கோழியைக் கொல்லும். அளவு பத்து விழுக்காட்டைத் தாண்டினால் முட்டை மீன் மணக்கும், வாங்குபவர் அடுத்த முறை வரமாட்டார். முட்டை ஓட்டுக்கான கல்சியத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. களப்புக் கரையில் ஒதுங்கும் சிப்பியைக் கழுவி இடித்து ஒரு சிரட்டையில் வைத்தால், கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். மரவள்ளி இலையைப் பச்சையாகத் தின்ற ஆடு செத்துவிழுந்த கதை ஊரெங்கும் உண்டு. அதே இலையை நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்தினால் சயனைட்டு பெரும்பாலும் நீங்கி நல்ல புரதமாகிறது. வெங்காயத் தோட்டக் கழிவை மாட்டுக்குக் குவித்துப் போடுவதும் ஆகாது. மிகுந்தால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வரும்.

இவற்றையெல்லாம் பத்துக் கோழி வைத்திருக்கும் ஒரு தாய் தனித்துச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. தவிடு வறுப்பதும், மீன் உலர்த்துவதும், புண்ணாக்கின் ஈரம் பார்ப்பதும் முப்பது, நாற்பது குடும்பங்களுக்கு ஒரே இடத்தில் நடக்க வேண்டிய வேலைகள். ஓர் அரைக்கும் இயந்திரம், ஒரு கலக்கும் உருளை, சீமெந்து உலர்தளம், நிலத்திலிருந்து உயர்த்திய பலகைமேல் மூட்டை அடுக்கும் கொட்டகை, வயலில் வைக்கோலைக் கட்டாக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கே புலத்துப் பணம் முதலில் செல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் நீண்ட மரபு வடக்கில் உண்டு. புதிய பெயர்ப்பலகை தேவையில்லை. கால்நடை வைத்தியரையும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் கலந்து கலவை விகிதத்தை முடிவு செய்யலாம். கோழிக்குஞ்சு அதற்குப் பின்னர் வரட்டும். அதுவும் முழுத்தீன் இல்லாது வாழவொண்ணாக் கலப்பினமாகவன்றி, கறையானும் புழுவும் கிளறித் தன் புரதத்தில் ஒரு பங்கைத் தானே தேடிக்கொள்ளும் ஊர்க்கோழியாகவோ அதன் கலப்பாகவோ இருந்தால் நன்று. முட்டை குறையும், உண்மை. குடும்பத்தின் கடனும் குறையும்.

இந்த முயற்சியை வேறொருவர் தவறாகக் கையாளவும் இடமுண்டு. "வைக்கோலும் தவிடும் இருக்கும்போது மேய்ச்சல் தரை எதற்கு?" என்னும் கேள்வி எழக்கூடும். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதியில் தமது மேய்ச்சல் தரை பறிபோவதை எதிர்த்துத் தமிழ்ப் பாற்பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஆயிரக்கணக்கான பட்டி மாடுகளை வைக்கோற் கட்டால் காப்பாற்ற முடியாது. பக்கவிளைபொருள் வரண்ட மாதங்களின் இடைவெளியை நிரப்பும். நிலத்தின் இடத்தை நிரப்பாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு.

இங்கிருந்து உதவி அனுப்ப எண்ணுவோர் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது கேட்க வேண்டியவை சில. பக்கத்து ஆலையில் உமி தனியாக, தவிடு தனியாக வருகிறதா? மாரியில் மூட்டையை எங்கே வைக்கிறார்கள்? மாசியில் வயலுக்கு நெருப்பு வைப்பது யார், அவரிடமிருந்து வைக்கோலைக் கேட்டுப் பெற முடியுமா? வைக்கோல் நனையாது கட்டப்பட வேண்டுமாயின் கொட்டகை மார்கழிக்குள் எழுந்திருக்க வேண்டும். அதற்கான பணம் ஐப்பசிக்கு முன்னரே ஊர் சேர வேண்டும்.